வீட்டுக்குள் ஒரு காணிச் சீர்திருத்தம்

வீட்டை அழகுபடுத்துவது எப்படி என்று கற்பிக்கும் உபதேசங்களுக்கு இன்று நம் நாட்டில் பஞ்சமில்லை. வார இதழ்களின் பெண்கள் பகுதியிலும், தளபாடக் கடைகளின் வண்ணப் பிரசுரங்களிலும், கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு திரையிலும் அவை நாள்தோறும் பொழிந்த வண்ணம் இருக்கின்றன. சுவருக்கு எந்த நிறம் பூசுவது, யன்னலுக்கு எந்தத் துணியில் திரையிடுவது, செற்றியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது, மூலையில் எந்தச் செடியை நிறுத்துவது என்றெல்லாம் அவை விரிவாகப் பேசுகின்றன. ஆனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவை மறந்தும் எழுப்புவதில்லை. இந்த அழகு யாருக்காக? வீட்டிலே வாழ்பவருக்காகவா, வந்து பார்த்துவிட்டுப் போகின்றவருக்காகவா?

இக்கேள்வியை எழுப்பாத அலங்காரக் கலை வெறும் விற்பனைக் கலையேயாகும். இதனை எழுப்பிவிட்டால், வீட்டு அலங்காரம் என்பது திரைச்சீலையின் நிறத்தைப் பற்றிய பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை. அது இடத்தையும், வெளிச்சத்தையும், காற்றையும், உழைப்பையும் ஒரு கூரையின் கீழ் யார் யாருக்கு எவ்வளவு பங்கிட்டுக் கொடுப்பது என்னும் பிரச்சினையாகிவிடுகிறது. பங்கீடு என்று வந்துவிட்டால் அது நம்மைப் போன்றோர் கூசாது பேச வேண்டிய விடயமாகும்.

1972ஆம் ஆண்டில் இந்நாட்டிலே காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஒருவர் 25 ஏக்கருக்கு மேல் நெற்காணியோ, 50 ஏக்கருக்கு மேல் ஏனைய காணியோ வைத்திருக்கலாகாது என்று அது விதித்தது. அச்சட்டத்தின் குறைகளைப் பற்றி நாம் எத்தனையோ மேடைகளில் வாதாடியிருக்கிறோம். உழுபவனுக்கே நிலம் என்னும் கொள்கையிலே நம்மவர் எவரும் ஐயம் கொண்டதில்லை. அப்படிப்பட்ட நம்முடைய வீடுகளுக்குள்ளேயே ஒரு பெருநிலக்கிழார் காலின்மேற் கால் போட்டு அமர்ந்திருப்பதை மட்டும் நாம் காணத் தவறிவிட்டோம். அவருடைய பெயர் ‘ஹால்’.

ஹாலின் ஆதிக்கம்

நமது நடுத்தர வர்க்கத்து வீடொன்றை மனத்திலே வரைந்து பார்ப்போம். அது யாழ்ப்பாணத்துக் கல்வீடாக இருக்கலாம். வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடாக இருக்கலாம். மட்டக்களப்பு நகரத்து ஓட்டு வீடாகவும் இருக்கலாம். வாயிலைக் கடந்ததும் எதிர்ப்படுவது ஹால். வீட்டின் மிகப் பெரிய அறை அதுவே. மிக அகன்ற யன்னல்கள் அதற்கே. கடன்பட்டு வாங்கிய பளிங்குத் தரை முதலில் பதிக்கப்படுவதும் அங்கேதான். அங்கே கிடக்கும் செற்றி தவணை முறையில் வாங்கப்பட்டது. தவணைப் பணம் கட்டி முடியுமட்டும், சில வீடுகளில் கட்டி முடிந்த பின்னரும், கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பொலித்தீன் உறை அதன்மேல் அப்படியே இருக்கும். சுவரோரத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள்ளே பொன் விளிம்பிட்ட தேநீர்க் கோப்பைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அந்தக் கோப்பைகளில் அவ்வீட்டார் ஒரு நாளும் தேநீர் அருந்தியதில்லை. அவர்களுடைய தேநீர் பிடி உடைந்த கோப்பையிலே, பின்விறாந்தைப் படியிலே நிகழ்வது.

இந்த ஹால் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பயன்படுகிறது? தொலைக்காட்சிப் பெட்டி அங்கிருந்தால் இரவிலே இரண்டு மணி நேரம். அதுவும் இல்லையாயின், கலியாணம் பேச வருகின்றவருக்காகவும், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் உறவினருக்காகவும் அது காத்துக் கிடக்கிறது. வீட்டின் நல்ல வெளிச்சமும் நல்ல காற்றும் வராத விருந்தாளிக்காகத் தரிசாகக் கிடக்கின்றன.

இனி வீட்டின் பின்கோடிக்குச் செல்வோம். அங்கே குசினி இருக்கிறது. பல வீடுகளில் அது திட்டத்திலே கடைசியாகச் சேர்க்கப்பட்ட ஒட்டுத் தாழ்வாரம். ஒரு சிறு யன்னல். அதுவும் மதிலைப் பார்த்தபடி. புகை போக வழியில்லை. அம்மியும், விறகும், தண்ணீர் வாளியும், எரிவாயுச் சிலிண்டரும் ஒன்றன்மேல் ஒன்று இடிபடுகின்றன. இந்த இடத்திலே ஒரு பெண் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து நுழைகிறாள். பாடசாலைக்கோ கந்தோருக்கோ போகின்றவளாயின் ஏழு மணிக்கு வெளியேறி, மாலையில் மீண்டும் நுழைகிறாள். வெளியே வேலைக்குச் செல்லாதவளாயின் நாளின் பாதியை அங்கேயே கழிக்கிறாள். வீட்டிலே மிக அதிகமான உழைப்பு நிகழும் நிலம் மிகச் சிறியதாகவும், மிக இருண்டதாகவும் இருக்கிறது. உழைப்பே நிகழாத நிலம் மிகப் பெரியதாகவும், மிக ஒளி பொருந்தியதாகவும் இருக்கிறது. வயல்வெளியிலே இந்த நிலைமைக்கு நாம் என்ன பெயர் சூட்டுவோம் என்பதை வாசகர் அறிவர்.

இது கண்ணுக்கு அழகா அழகில்லையா என்பது மாத்திரமன்று. விறகும் சாணமும் கரியும் எரிக்கும் அடுப்புகளால் வீடுகளுக்குள் நிறையும் நச்சுக் காற்று 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் மரணங்களுக்குக் காரணமாயிற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அடுப்பின் அருகே அதிக நேரம் இருப்பவர்கள் பெண்களும், அவர்களுடைய சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு நிற்கும் சிறுபிள்ளைகளுமே. குசினிச் சுவரிலே ஒரு யன்னலைத் திறந்து புகைக்கூண்டு ஒன்றை எழுப்பும் செலவு, ஹாலில் ஒரு செற்றியின் செலவைவிடக் குறைவானது. ஆயினும் செற்றிதான் முதலில் வருகிறது. ஏனெனில் புகையை விருந்தாளி காண்பதில்லை.

மூன்றாவதாக, பிள்ளையின் படிப்பு. ஆசிரியர்களாகிய நாம் மாணவரின் வீடுகளுக்குச் செல்லும்போது காணும் காட்சி இது: சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் சிறுமி கட்டிலின்மேல் குப்புறக் கிடந்தோ, சாப்பாட்டு மேசையின் எச்சிலைத் துடைத்துவிட்டு அதன் ஓரத்திலோ, தன்னுடைய நிழல் தன்னுடைய புத்தகத்தின்மேலேயே விழும்படி மின்விளக்குக்கு முதுகு காட்டிக்கொண்டோ படிக்கிறாள். அடுத்த அறையிலே கண்ணாடி அலுமாரிக்குள் அவள் சென்ற ஆண்டு பெற்ற கேடயம் விளக்கொளியிலே மின்னிக்கொண்டிருக்கிறது. கேடயத்துக்கு இடமுண்டு, கேடயம் பெற்றவளுக்கு இடமில்லை!

அடைத்த கதவு

இந்நிலைமையின் வேர் எங்கேயுள்ளது? கடைக்காரரின் பேராசையிலே மாத்திரம் அதனைத் தேடினால் பாதி உண்மையே கிடைக்கும். மறுபாதியைச் சங்க இலக்கியத்திலே காணலாம்.

பத்துப்பாட்டைச் சேர்ந்த சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு வறியவர் வீட்டின் அடுக்களையைக் காட்டுகிறார். கூரை சரிந்து, சுவர் கறையானரித்துக் காளான் பூத்துக் கிடக்கும் அந்த அடுக்களையிலே ஒரு நாய் குட்டி ஈன்றிருக்கிறது. கண் திறவாத குட்டிகளுக்குக் கொடுக்கப் பாலின்றி அது குரைக்கிறது. அவ்வீட்டுப் பெண் குப்பைமேட்டில் நகத்தாற் கிள்ளி வந்த வேளைக் கீரையை உப்பில்லாமல் அவிக்கிறாள். பின்பு அதனைச் சுற்றத்தாரோடு பகிர்ந்துண்ணுமுன் அவள் ஒரு காரியம் செய்கிறாள்: பிறர் பார்த்துவிடுவாரே என்று நாணி வாயிற் கதவை அடைக்கிறாள்.

இரண்டாயிரம் ஆண்டுக்குச் சற்றேறக்குறையப் பழைமையான இந்தக் காட்சியிலே நமது வீட்டு அலங்காரத்தின் உளவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. வறுமையை விடக் கொடியதாக அப்பெண்ணுக்குத் தோன்றியது வறுமை பிறர் கண்ணிற் படுதல். அவள் குற்றம் அதில் எள்ளளவுமில்லை. உழைத்தும் உப்புக்கு வழியற்றவளை நாணவைத்துவிட்டு, உப்பைப் பதுக்கியவனை நாணாதிருக்க விட்ட சமுதாயத்தின் குற்றம் அது. அன்று அடைத்த கதவுதான் இன்று திரைச்சீலையாகவும், பளிங்குத் தரையாகவும், பொலித்தீன் உறை நீங்காத செற்றியாகவும் வடிவெடுத்திருக்கிறது. ஹாலுக்கும் குசினிக்கும் இடையே தொங்கும் அந்த மணிக்கோவைத் திரையைப் பாருங்கள். அது அலங்காரமன்று, அடைத்த கதவு.

அதே பத்துப்பாட்டில் நெடுநல்வாடையும் இருக்கிறது. நக்கீரர் அங்கே ஓர் அரண்மனையை அளந்து கட்டும் விதத்தையும், அதனுள்ளே அரசியின் கட்டிலையும் வருணிக்கிறார். போரிலே வீழ்ந்த யானையின் தந்தத்தாற் செய்த கட்டில். மேலே விண்மீன்கள் எழுதிய விதானம். அத்தனை அலங்காரத்தின் நடுவிலும் அரசி கண்ணீரோடு கிடக்கிறாள். கணவன் போர்ப்பாசறையில் இருக்கிறான். இவ்விரு காட்சிகளையும் நாம் வகுப்பறையிலே தனித்தனியே கற்பித்து, தனித்தனியே வினா எழுப்பி, புள்ளிகளும் இட்டுவிடுகிறோம். ஒன்றோடொன்று சேர்த்துக் கற்பித்தால், அலங்காரம் மனிதருடைய வாழ்விலிருந்து பிரிந்துவிட்டபோது அது மாளிகையிலும் பயன்படாது, குடிசையிலும் பயன்படாது என்பது மாணவருக்கு விளங்கும்.

பழைமைக் காதல்

இவ்விடத்திலே ஒரு சாரார் எழுந்து, “பளிங்கும் செற்றியும் அந்நிய மோகம், நமது முன்னோரின் நாற்சார் வீட்டுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகும்” என்று கூறக்கூடும். இப்பொழுது இது ஒரு நாகரிகமாகவும் பரவி வருகிறது. பணம் படைத்தோர் நடுமுற்றம் வைத்துக் கட்டுகிறார்கள். உல்லாச விடுதிகள் திண்ணையும் மரத்தூணும் வைக்கின்றன. வரவேற்பு மண்டபத்திலே உரலையும் உலக்கையையும் காட்சிப் பொருளாக நிறுத்துகின்றன.

நாற்சார் வீட்டின் கட்டட அறிவை நாம் மறுக்கவில்லை. நடுமுற்றம் சூட்டை வெளியேற்றிக் காற்றை உள்ளிழுக்கும். தாழ்ந்த ஓட்டுக்கூரை வெயிலையும் மழையையும் தடுக்கும். தடித்த சுவர் பகலிற் குளிர்ச்சி தரும். இவையெல்லாம் நமது வெப்பநாட்டுக்கு ஏற்றவை, கற்றுக்கொள்ள வேண்டியவை. ஆனால் அந்த வீட்டின் தரை வேறொரு கதையையும் சொல்லும். திண்ணையிலே யார் உட்காரலாம், முற்றத்திலே யார் நிற்க வேண்டும், படலைக்கு வெளியே யார் காத்திருக்க வேண்டும், யாருக்குச் செம்பிலே தண்ணீர், யாருக்குச் சிரட்டையிலே தண்ணீர் என்பதையெல்லாம் அந்த வீட்டின் ஒவ்வோர் அங்குலமும் வகுத்து வைத்திருந்தது. அது சாதியைக் கல்லிலும் மரத்திலும் எழுதிய வீடு. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தும், 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலே தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் தடியடிக்கு ஆளாக வேண்டியிருந்தது. தேநீர்க் கடையிலும் கோயிலிலும் அந்தப் போராட்டம் வெளிப்படையாக நடந்தது. வீட்டு வாசலிலே அது இன்னும் முடியவில்லை. திண்ணையை மீட்க விரும்புவோர் முதலிலே அதன்மீது எல்லோரையும் உட்காரவைக்கத் துணியட்டும். பிறகு தூணின் வேலைப்பாட்டைப் பற்றிப் பேசலாம்.

உரலை அலங்காரப் பொருளாக்குவோரைக் குறித்தும் ஒரு சொல். உரலிலே இடித்தவளுடைய தோள்வலி அந்த வரவேற்பு மண்டபத்திலே எங்கே வைக்கப்பட்டிருக்கிறது?

வீசு என்னும் வேதம்

அடுத்து, எதையும் வாங்காதே, இருப்பதை வீசு என்று உபதேசிக்கும் புதிய மதத்தினர். ஜப்பானியப் பெண்மணியான மரி கொண்டோவின் நூல் 2014இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பின்னர் இந்த மதம் உலகமெங்கும் பரவிற்று. ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து அது மகிழ்ச்சியூட்டுகிறதா என்று பார். ஊட்டாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடு என்பது அதன் சாரம். பண்டங்களாற் பிதுங்கி வழியும் செல்வந்த நாடுகளுக்கு இது நல்ல மருந்தாக இருக்கலாம். வேண்டும்போது மறுபடி வாங்க முடிந்தவரே மனஅமைதியோடு வீச முடியும்.

நம்முடைய தாய்மார் பால்மா டின்னையும், தைத்துப் பயன்படுத்திய சாக்கையும், ஒற்றைப் பிடியறுந்த பையையும், துருப்பிடித்த ஆணிகளையும் கட்டிலின்கீழ்ச் சேர்த்து வைக்கிறார்கள். உபதேசகர் இதனைக் குப்பை என்பார். 1983 ஜூலையிலே கொழும்பில் வீடுகள் எரிந்ததைக் கண்டவர்களும், 1990 ஒக்ரோபரிலே வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கையிலே அள்ள முடிந்ததோடு நடந்த முஸ்லிம் மக்களும், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவிலே வலிகாமத்தைவிட்டு மழையிலே நடந்த இலட்சக்கணக்கானோரும், 2009இல் முள்ளிவாய்க்காலிலே எல்லாவற்றையும் விட்டு வந்தோரும் வாழும் நாடு இது. ஒரு வெற்று டின் தண்ணீர் மொள்ளவும், அரிசி அளக்கவும், அடுப்பாகவும் உதவும் என்பதை அவர்கள் அனுபவத்திலே கற்றவர்கள். அவர்களுக்கு மகிழ்ச்சியைப் பற்றிப் பாடம் நடத்துவதைவிட, அந்தப் பொருள்களை ஒழுங்காக வைக்க இரண்டு பலகைத் தட்டுகளைச் சுவரிலே அடித்துக் கொடுப்பது மேலான காரியம்.

வீசும் வேதத்தை இடதுசாரிகளும் ஒருகாலத்திலே ஓதினார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1928இல் சோவியத் நாட்டிலே ‘கொம்சொமோல்ஸ்கயா பிராவ்தா’ என்னும் இளைஞர் பத்திரிகை வீட்டுக் குப்பைகளுக்கு எதிராக ஓர் இயக்கம் நடத்திற்று. அலுமாரிகளில் வரிசையாக நின்ற பீங்கான் யானைகளும் பொம்மைகளும் சிறுமுதலாளித்துவ மனப்பான்மையின் சின்னங்களெனக் கண்டிக்கப்பட்டன. யானைகள் போயின. ஆனால் பல குடும்பங்கள் ஒரே குசினியைப் பகிர்ந்துகொண்ட கூட்டு வீடுகளிலே அடுப்பின்முன் நின்றவர்கள் முன்போலவே பெண்களாகத்தான் இருந்தார்கள். சின்னங்களை உடைத்து உறவுகளை அப்படியே விட்டுவைக்கும் புரட்சி பீங்கானோடு முடிந்துவிடும் என்பது அதன் படிப்பினை.

தோழர்களின் மறுப்பு

இதுவரை படித்துவந்த நண்பர் ஒருவர் இப்பொழுது பொறுமையிழந்திருப்பார். “வீட்டுப் பிரச்சினை முதலாளித்துவ அமைப்பின் பிரச்சினை. எங்கெல்ஸ் 1872இல் இதைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதி, சில்லறைச் சீர்திருத்தங்களால் இது தீராது என்று நிறுவிவிட்டார். மக்கள் வீடின்றி வாடும்போது யன்னலைப் பற்றியும் மேசையைப் பற்றியும் எழுதுவது சிறுமுதலாளித்துவப் பொழுதுபோக்கு” என்பார் அவர்.

இந்த மறுப்பின் முற்பாதி முழுவதும் உண்மை. மலையகத்துக்குச் சென்று பார்த்தவருக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. பத்தடி நீளமும் பன்னிரண்டடி அகலமுமான ஒரு லயத்து அறை. முன்னே ஒடுங்கிய ஒரு விறாந்தை. அதுவே படுக்கையறை, அதுவே குசினி, அதுவே பிரசவ அறை, அதுவே படிப்பறை. ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தொடங்கிவைத்த அந்த வரிசை வீடுகளில் இன்றும் பெருந்தொகையான குடும்பங்கள் வாழ்கின்றன. அந்த அறைகளிலும் சாணம் மெழுகிய தரை பளிச்சிடுகிறது. வண்ணத்தாள் ஒட்டிய சுவரும், துலக்கி அடுக்கிய பாத்திரங்களும் இருக்கின்றன. அந்த ஒழுங்கைக் கற்பிக்க எந்த அலங்கார நிபுணருக்கும் அருகதையில்லை. அங்கே வேண்டப்படுவது அலங்காரமன்று, காணியும் வீடும். ஏழு பேர்ச் காணி என்று சொல்லிவருகிறார்கள். அந்த ஏழு பேர்ச்சும் உறுதிப்பத்திரத்தோடு ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைக்கும்வரை அதற்காகக் குரல் கொடுப்பது நமது கடமை.

ஆனால் மறுப்பின் பிற்பாதியை ஏற்பதற்கில்லை. இடமே இல்லாதவரின் பெயரைச் சொல்லி, இடமிருந்தும் அதனை அநீதியாகப் பங்கிட்டு வைத்திருப்போர் தப்பிக்கொள்ளலாகாது. லயத்து அறையிலே இடம் இல்லை. ஆதலால் அங்கே போராட்டம் கொம்பனியோடும் அரசாங்கத்தோடும். நமது கல்வீட்டிலே இடம் இருக்கிறது. ஆதலால் இங்கே போராட்டம் நம்மோடுதான். சமுதாய மாற்றத்தைப் பற்றிக் கலந்துரையாடும் நமது கூட்டங்கள் எங்கே நடைபெறுகின்றன? ஹாலில். அந்தக் கூட்டங்களுக்குத் தேநீர் எங்கிருந்து வருகிறது? புகை நிறைந்த குசினியிலிருந்து. தேநீரைக் கொண்டுவந்து வைப்பவர் கதவருகே ஒரு கணம் நின்று செவிசாய்த்துவிட்டுப் போகிறார். அவருக்கு அங்கே கதிரை போடப்படுவதில்லை. பெண் விடுதலை என்னும் தலைப்பு நிகழ்ச்சிநிரலிலே இருந்த கூட்டங்களிலும் இது இப்படித்தான் நடந்தது.

இரு கட்டடக் கலைஞர்கள்

“அப்படியானால் வீட்டை வேறெப்படி அமைப்பது?” என்று கேட்போருக்கு வரலாற்றிலே விடையுண்டு. இரு பெண்களை எடுத்துக்கொள்வோம்.

மார்கரெட்டே ஷூட்டெ-லிஹொட்ஸ்கி வியன்னாவைச் சேர்ந்தவர். ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரசபை முதலாம் உலகப் போருக்குப் பின்னர் பெருந்தொகையாக வீடுகளைக் கட்டியபோது, 1926இல் அவ்வீடுகளுக்கான குசினியை அவர் வகுத்தார். அகலம் ஏறக்குறைய 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். ரயில் வண்டியின் உணவுப் பெட்டியிலே அத்தனை பேருக்கு அவ்வளவு சிறிய இடத்திலே எப்படிச் சமைக்கிறார்கள் என்பதை அவர் ஆராய்ந்தார். சமைப்பவள் எடுத்து வைக்கும் அடிகளை எண்ணினார். வேலை மேசையை யன்னலின் கீழே வைத்தார். மா, அரிசி முதலியவற்றை எட்டிய கையிலே அகப்படும் இழுப்பறைகளில் வைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அந்தக் குசினி அமைந்தது. ஒருவர் மாத்திரமே நிற்கக்கூடிய அளவு அதனைச் சிறிதாக்கியதால், பெண் அங்கே தனிமைப்பட்டாள் என்று பிற்காலத்தவர் கண்டித்தனர், அக்கண்டனம் நியாயமானதே. ஆயினும் சமையலைப் பெண்ணின் பிறவிக் கடனாகக் கொள்ளாமல், அளந்து குறைக்கத்தக்க உழைப்பாகக் கண்ட முதற் சிலருள் அவர் ஒருவர். அதே பெண் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்து நாஜிகளை எதிர்த்து, 1941இல் கைதாகி, 1945வரை சிறையிருந்தார் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். குசினியின் யன்னலும் பாசிச எதிர்ப்பும் அவருக்கு வெவ்வேறு விடயங்களாக இருக்கவில்லை.

மற்றவர் நம் நாட்டவர்: கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா. இலங்கைப் பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்த அக்னஸ் டி சில்வாவின் மகள். 1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டபுளுவையிலே அரச ஊழியருக்கான வீடமைப்புத் திட்டம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் முதலிலே செய்தது கோடு கிழிப்பதன்று. குடியேறப் போகின்றவரிடம் வினாக்கொத்துக் கொடுத்து அவர்களுடைய வாழ்க்கையைக் கேட்டறிவது. வெவ்வேறு இனத்தையும் மதத்தையும் சேர்ந்தோரின் தேவைகளுக்கேற்ப அவர் வீட்டு மாதிரிகளை வகுத்தார். கண்டியிலே அவர் கட்டிய வேறொரு வீட்டிலே தும்பறைப் பாய் நெய்வோரின் கைவண்ணத்தைக் கதவுகளிற் பதித்தார். நெசவாளரின் கலை அங்கே காட்சிப் பொருளாகத் தொங்கவில்லை. அன்றாடம் திறந்து மூடும் கதவாயிற்று. அலங்காரத்துக்கும் பயனுக்கும் இடையே மதில் எழுப்பத் தேவையில்லை என்பதை அவர் செய்து காட்டினார். இந்தப் பெண்ணின் பெயரை நமது பாடசாலை மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

செய்ய வேண்டியவை

ஆகவே, வீட்டைப் புதுப்பிக்க விரும்பும் வாசகருக்கு நமது திட்டம் இதுவாகும். இதற்கு நிபுணர் வேண்டாம், கடன் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமையும், வீட்டார் எல்லோருடைய கைகளும் போதும்.

முதலாவது, ஒரு நாள் முழுவதும் வீட்டைக் கவனியுங்கள். எந்த இடத்திலே யார் எத்தனை மணி நேரம் இருக்கிறார், அந்த நேரத்திலே அங்கே வெளிச்சம் எப்படி, காற்று எப்படி என்று ஒரு தாளிலே குறியுங்கள். இந்தக் கணக்கை வீட்டிலே உழைப்பவரே எழுத வேண்டும். நிலச் சீர்திருத்தத்துக்கு நிலஅளவை முதற்படி.

இரண்டாவது, வீட்டின் மிக நல்ல யன்னலைப் படிப்பவருக்குக் கொடுங்கள். ஹாலில் அந்த யன்னல் இருக்குமாயின் மேசை ஹாலுக்குப் போகட்டும், செற்றி ஒதுங்கட்டும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும்; இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு வலப்பக்கத்திலிருந்து. அப்போதுதான் எழுதும் கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது.

மூன்றாவது, குசினி. யன்னல் இல்லையாயின் திறவுங்கள், சிறிதாயின் பெரிதாக்குங்கள். அடுப்புக்கு மேலே புகை செல்ல வழி செய்யுங்கள். நின்று சமைப்பவரின் உயரத்துக்கு ஏற்ப மேடையை அமைத்து, குனிந்து நிமிரும் துன்பத்தை நீக்குங்கள். தினமும் எடுப்பவற்றை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்திலும், எப்போதாவது எடுப்பவற்றை மேலேயும், பாரமானவற்றைக் கீழேயும் வையுங்கள். அங்கே இரண்டு கதிரைகளைப் போடுங்கள். உட்கார்ந்து தேங்காய் துருவவும் வெங்காயம் உரிக்கவும் ஆண்களும் வருவதற்கு அந்தக் கதிரைகள் அழைப்பிதழாகட்டும். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே கடினமானது என்பதை அறிவோம்.

நான்காவது, கண்ணாடி அலுமாரி. அதை வீச வேண்டாம். பொன் விளிம்புக் கோப்பைகளை வெளியே எடுத்து, அவற்றிலே வீட்டார் தேநீர் குடிக்கட்டும். வெற்றிடமாகிய தட்டுகளிலே புத்தகங்களை அடுக்குங்கள். பூட்டுப் போட வேண்டாம்; அயல்வீட்டுப் பிள்ளைகளும் எடுத்துப் படிக்கட்டும்.

ஐந்தாவது, சுண்ணாம்பு. விலையுயர்ந்த வண்ணப் பூச்சுக்கு வழியில்லாதவருக்கும் சுண்ணாம்பு எட்டும். வெள்ளையடித்த சுவர் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கி இருண்ட அறையின் மூலைவரை கொண்டுசெல்லும், பூஞ்சணத்தையும் தடுக்கும். குசினியிலிருந்தே வெள்ளையடிக்கத் தொடங்குங்கள்.

ஆறாவது, அழகு. ஆம், அழகும் வேண்டும். அழகு பணக்காரரின் சொத்து என்று விட்டுக்கொடுக்க நாம் யார்? தன் காலத்துச் சோசலிசவாதிகளுள் முன்னின்றவராகிய வில்லியம் மொறிஸ், பயனற்றதும் அழகற்றதுமான எதற்கும் வீட்டில் இடமளிக்கலாகாது என்று 1880இல் பேசினார். அழகிய பொருள், அதைச் செய்தவருக்கும் பயன்படுத்துபவருக்கும் மகிழ்ச்சி தரவேண்டும் என்பது அவருடைய கொள்கை. நம் ஊரின் பனையோலைக் கடகமும், நீத்துப்பெட்டியும், பன்பாயும், சுளகும் இந்தச் சோதனையிலே தேறுகின்றன. அவற்றைச் சுவரிலே தொங்கவிட வாங்காதீர்கள், பயன்படுத்த வாங்குங்கள். விலைபேசும்போது இழைத்தவரின் விரல்களை நினையுங்கள். செற்றிக்குச் சொன்ன விலையைச் சொன்னபடியே கொடுத்தவர், கடகம் விற்கும் கிழவியிடம் ஐம்பது ரூபாவுக்கு மல்லுக்கு நிற்பது நமது சமுதாயத்தின் பெரிய அவலட்சணம். அதனை மறைக்கக்கூடிய திரைச்சீலை இன்னும் நெய்யப்படவில்லை.

“விருந்தினர் வந்தால் எங்கே உட்காருவர்?” என்று சிலர் கவலைப்படுவர். விருந்தோம்பலை நாம் கைவிடச் சொல்லவில்லை. படிப்பு மேசையின் பக்கத்திலே உட்காரட்டும். குசினியின் கதிரையிலே உட்கார்ந்து அடுப்படியில் நிற்பவரோடு பேசட்டும். அங்கே உட்கார மனமில்லாத விருந்தாளி நம்மைப் பார்க்க வந்தவரல்லர்; நமது செற்றியைப் பார்க்க வந்தவர்.

இவ்வளவும் செய்தால் சமுதாயம் மாறிவிடுமா என்று கேட்டால், மாறிவிடாது. கொம்பனிக் காணி கொம்பனியிடமே இருக்கும். தளபாடக் கடையின் தவணைப் புத்தகமும் இருக்கும். ஆனால் வெளியிலே சமத்துவத்தைக் கேட்டு உயரும் குரல், வீட்டுக்குள்ளே அதனை மறுத்துவிட்டு உயருமாயின் அக்குரலுக்கு வலிமை இராது. பிள்ளைகள் நமது மேடைப் பேச்சிலிருந்து கற்பதைவிட நமது வீட்டின் அமைப்பிலிருந்தே அதிகம் கற்கிறார்கள். வராத விருந்தாளிக்கு வெளிச்சமும், வாழ்கின்ற தாய்க்கு இருளும் ஒதுக்கிய வீட்டிலே வளரும் பிள்ளைக்கு, உழைப்பவரின் இடம் பின்கோடி என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே விளங்கிவிடுகிறது. பின்பு அதே பிள்ளைக்குப் பாடசாலையிலே நாம் சமத்துவத்தைப் பற்றிக் கட்டுரை எழுதக் கொடுக்கிறோம்.

ஆகவே ஆசிரியர்களையும் மாணவர்களையும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை மேசையை நகர்த்துங்கள். குசினியின் யன்னலைத் திறவுங்கள். பின்விறாந்தைப் படியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவரை முன்னே அழையுங்கள். அடைத்த கதவை உள்ளேயிருந்துதான் திறக்க முடியும்.